பாதி விலைக்கு கிட்டார் ஆம்ப்... பார்த்து வாங்குங்க பாஸ்!

`அவசர விற்பனை. நாலே தடவைதான் யூஸ் பண்ணினது. கண்டிஷன் சூப்பர்!' - இப்படியொரு விளம்பரம் உங்க மொபைலிலும் கண்ணில் பட்டிருக்கும். போட்டோவில் கறுப்பாக ஒரு பெட்டி, பக்கத்தில் தூசி படிந்த கிட்டார். விலை, புதுசில் பாதி. கை தானாக `சாட்' பட்டனுக்குப் போகும். ஒரு நிமிஷம் நில்லுங்க!

யாருமே சரியாக வாசிக்காத ஆம்ப் எப்படி விற்பனைக்கு வருது? 2020 லாக்டௌனில் உலகம் முழுக்க கிட்டார் வாங்கினவங்க அதிகம். ஃபெண்டர் நிறுவனத்துக்கு அதுவரை இல்லாத விற்பனை அந்த வருஷம்தான் நடந்தது. ஆனால், அதே நிறுவனத்தின் சி.இ.ஓ-வாகப் பல வருஷம் இருந்த ஆண்டி மூனி, புதிதாகக் கற்பவர்களில் சுமார் 90 சதவிகிதம் பேர் முதல் வருஷத்திலேயே விட்டுவிடுகிறார்கள் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆக, நீங்க வாங்கப்போறது பெரும்பாலும் யாரோ பாதியில் நிறுத்தின ஆசை. பொருள் மோசம்னு அர்த்தமில்லை. ஆனாலும், செக் பண்ணாம வாங்கக் கூடாது.

பணம் கொடுக்கும் முன்...

நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீங்க. `க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, உங்க அட்வான்ஸ் திரும்ப வந்துடும்' என்று யாராவது சொன்னால் அது மோசடியேதான். யுபிஐ-யில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துட்டீங்கன்னா, தாமதிக்காமல் 1930-க்கு போன் பண்ணுங்க.

அவங்க வீட்டிலேயே ஒரு டெஸ்ட்!

உங்க கிட்டாரையும் கேபிளையும் எடுத்துட்டுப் போங்க. முதலில் வால்யூமை ஜீரோவில் வைத்து ஆன் பண்ணுங்க. மெல்லிய `ஸ்ஸ்ஸ்' சத்தம் சகஜம். வால்யூம் ஜீரோவில் இருக்கும்போதே `ம்ம்ம்' என்று கனமான இரைச்சல் வந்தால் உஷார். பழைய ஆம்ப் என்றால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருக்கலாம்.

ஒவ்வொரு நாபையும் திருகிப் பாருங்க. `கரகர'ன்னா பெரும்பாலும் உள்ளே சேர்ந்த தூசிதான். க்ளீனர் ஸ்ப்ரேயில் சரியாகிடும். விலை குறைச்சுக் கேட்க நல்ல காரணமும்கூட. கேபிளைச் செருகி லேசாக அசையுங்க. சத்தம் விட்டு விட்டு வந்தால் ஜாக் லூஸ். இருபது நிமிஷமாவது வாசிங்க. சில கோளாறுகள் சூடேறின பிறகுதான் தலைகாட்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பீஸா? பின்பக்க லேபிளைப் படிங்க. அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். நம்ம வீட்டு 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் கதை முடிஞ்சது. ஸ்டெப்-டௌன் டிரான்ஸ்பார்மர் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்க.

உயிர் விஷயம்!

கிட்டாரின் கம்பிகள், கேபிள் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கும். அந்த எர்த் சரியில்லை என்றால் ஷாக் உங்க விரலுக்கு வரும். 1972-ல் ஸ்வான்ஸீ நகர மேடையில், எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்ட `ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி இறந்தே போனார். ஆக, மூணாவது பின்னை உடைச்சுட்டு வித்தால் வாங்காதீங்க. வாடகை வீடா? பிளக் பாயின்ட்டில் நிஜமாகவே எர்த் இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துடுங்க. வால்வு ஆம்ப் என்றால் இன்னும் கவனம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். நீங்களே ஸ்க்ரூடிரைவர் எடுக்காதீங்க.

100 வாட்ஸ் வேணுமா?

வேண்டாம்! பத்து வாட்ஸைவிட நூறு வாட்ஸ் பத்து மடங்கு சத்தம்னு நினைக்கிறோம். காதுக்குக் கேட்பது சுமார் இரண்டு மடங்குதான். சின்ன அறைக்குப் பத்து வாட்ஸே தாராளம். இந்தியாவின் 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல். ஹெட்போன் ஜாக் இருக்கிற ஆம்ப்பாகத் தேடச் சொல்றது இதனால்தான்.

வீட்டுக்கு வந்ததும் மூலையில் தரையோடு வைக்காதீங்க. பேஸ் சத்தம் வீங்கி, கீழ் வீட்டு சீலிங் வரைக்கும் போகும். ஒரு ஸ்டூல் மேல், பக்கத்து வீட்டோடு ஒட்டாத சுவர்ப் பக்கம் வைங்க. முதல் நாளே `இந்த நேரத்தில் அரை மணி நேரம் வாசிப்பேன் ஆன்ட்டி, தொந்தரவுன்னா சொல்லுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் உங்க பேர் அடிபடாது.

மிச்சமான பாதிப் பணத்தை என்ன பண்றது? இன்னொரு பெடல் வாங்க ஓடாதீங்க. கிட்டார் க்ளாஸுக்குக் கட்டுங்க. இல்லைன்னா, அடுத்த வருஷம் `நாலே தடவைதான் யூஸ் பண்ணினது' என்று விளம்பரம் போடுறது நீங்களா இருப்பீங்க!