பயாஸைப் புதுப்பிப்பது யார் வேலை?

கலசப்பாக்கத்திலோ மலைமேல் ஜமுனாமரத்தூரிலோ ஓர் இ-சேவை மையத்தின் கணினி படுத்துவிட்டால், சாதிச் சான்றுக்காக பஸ் பிடித்து வந்தவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். கணினி வாங்குவதில் நம் அரசுகள் கஞ்சத்தனம் காட்டியதில்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான மாணவர்களைச் சென்றடைந்தது. 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கை, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்தது. ஆனால் வாங்கிய பிறகு மதர்போர்டில் இருக்கும் பயாஸை யார் புதுப்பிப்பது என்று நாம் கேட்பதே இல்லை. அதை இன்னாருடைய வேலை என்று எழுதி வைத்தாக வேண்டும்.

பயாஸ் என்பது மதர்போர்டு எனும் அந்தப் பலகையில் விரல்நகத்தைவிடச் சிறிய சிப் ஒன்றில் பதிந்திருக்கும் மென்பொருள். பொத்தானை அழுத்தியதும் விண்டோஸுக்கு முன்பே விழிப்பது அதுதான். அது பழசாகிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளே சாட்சி. தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறியதால் அவற்றில் பல மெல்ல மெல்லக் கெட்டன. 2024 ஆகஸ்டில் வந்த மருந்து பயாஸ் புதுப்பிப்பு வழியாகவே பலகைகளுக்குப் போனது. ஏற்கெனவே கெட்டதை அது மீட்கவில்லை, கெடாமல் இருந்ததைத்தான் காத்தது. தள்ளிப்போட்டவர்களுக்குத்தான் நட்டம். இன்னொன்றும் இருக்கிறது. கணினி துவங்கும்போது போலி மென்பொருள் நுழையாமல் காக்கும் செக்யூர் பூட் ஏற்பாட்டில், மைக்ரோசாஃப்ட் 2011-ல் வழங்கிய சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் துவக்க நிலைக்கான புதிய பாதுகாப்புகள் வந்து சேராது. பல கணினிகளுக்குப் புதிய சான்றிதழ் இணையம் வழியே தானாக வந்துவிடும்; சிலவற்றுக்கு முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

ஓடுகிற வண்டியில் ஏன் கை வைக்க வேண்டும் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. புதிய பயாஸை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பலகை உயிரற்றுப்போகலாம். மலையடிவார ஊர்களில் மழைக்காலத்து மின்வெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இது முன்னேற்பாட்டைக் கேட்கும் காரணமே தவிர, செய்யாமல் விடுவதற்கான காரணம் ஆகாது. பலகையில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரையும் திருத்த எண்ணையும் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே கோப்பை இறக்க வேண்டும். ஊரெல்லாம் சுற்றிய பென்டிரைவ் வேண்டாம். புதிதாக ஒன்றை எடுத்து ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து அதில் போட வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் முதலில் அதை நிறுத்திவைக்க வேண்டும். மறந்தால் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக் கணினி நிற்கக்கூடும். யூபிஎஸ்ஸில் இணைத்த பிறகுதான் தொடங்க வேண்டும். எழுதி முடிக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். அதுவரை எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது.

கடைக்காரரே பார்த்துக்கொள்வார் என்பது இன்னொரு பதில். பழுதானால்தான் கடைக்காரரிடம் போகிறோம்; இதுவோ பழுதாகும் முன் செய்ய வேண்டிய வேலை. புதுப்பிப்பு வந்தபோதெல்லாம் ஓடிப்போய்ச் செய்யச் சொல்லவும் இல்லை. பாதுகாப்புக்கோ பழுது நீக்கத்துக்கோ வந்திருந்தால் செய்தால் போதும், மற்றதை விட்டுவிடலாம். அதைப் பிரித்தறியத்தான் விவரம் தெரிந்த ஒருவர் தேவை. கொள்முதல் ஒப்பந்தத்திலேயே விற்பவர் ஐந்தாண்டுக்கு இதைச் செய்துதர வேண்டும் என்று சேர்க்கலாம். பழைய கணினிகளுக்கு வட்ட அளவில் ஆண்டுக்கு இருமுறை, ஐடிஐயில் கணினி வன்பொருள் படிப்பவர்களை ஆசிரியர் மேற்பார்வையில் அனுப்பலாம். அவர்களுக்கும் தொழில் பழகும். ஒவ்வொரு மையத்திலும் ஒரு நோட்டு இருக்கட்டும்: பலகையின் பெயர், பழைய பதிப்பு எண், புதிய எண், தேதி, செய்தவர் கையெழுத்து.