உலகப்படத்தைக் கிழித்தது போதும்

வரைபடத்தை வைத்து அதிகாரத்தை விமர்சிக்கும் சமகாலக் கலைக்கு ஒரு வசதி உண்டு. உலகப்படத்தைக் கிழிக்கலாம், தைக்கலாம், தலைகீழாகத் தொங்கவிடலாம். யாருக்கும் வலிக்காது. இத்தாலியக் கலைஞர் அலிகியேரோ போயெட்டி 1971 முதல் ஆப்கான் பெண்களைக் கொண்டு உலக வரைபடங்களைப் பூத்தையலில் செய்வித்தார். நாடுகளின் எல்லைக்குள் அவற்றின் கொடிகள். இன்றுவரை கொண்டாடுகிறார்கள். தைத்த பெண்களை யாருக்குத் தெரியும்? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பழகின கணக்குத்தான்.

நம்மை ஆண்டது உலகப்படம் இல்லை, எஸ்டேட் பிளான். அதில் காட்டுக்குப் பெயரே மரம் நட்ட வருஷம்தான். மரத்தின் வயசு இருக்கும், பால் வெட்டினவர் பெயர் இருக்காது.

நான் இன்ஜினியர். நில அளவை பிளான் தினமும் என் மேசையில் விரியும் தாள். எல்லைக்கல், தூரம், பரப்பு, லாட் எண், அவ்வளவுதான். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 341ஆவது பிரிவுப்படி, எத்தனை காலம் குடியிருந்தாலும் பதிவுபெற்ற உரிமையாளர் நிலத்தை மீட்பதை அது தடுக்காது. மூணு தலைமுறை கும்பிட்ட காளி கோயில் ஒரு நாள் ‘சட்டவிரோதக் கோயில்’ ஆவது இப்படித்தான். கோயில் இருந்த இடத்திலேயே இருக்கும். நிலம் மட்டும் கைமாறியிருக்கும்.

கோலா கிளாவாங்கில் இது இன்னும் உறைக்கும். மலாய் அடாட் மரபுக்கு அருங்காட்சியகம் இருக்கும் ஊர் இது. நெகிரி செம்பிலானில் 1909இலேயே வழக்குநிலச் சட்டம் வந்தது. தாய்வழிக் குலங்களின் நிலம் அந்த வழக்கப்படியே பதிவேட்டில் ஏறியது. நல்ல காரியம், அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனா ஒரு சமூகத்தின் நினைவைப் பதிவேட்டில் ஏற்றத் தெரிந்த அதே ஆட்சி, அதே காலத்தில் கப்பலில் கொண்டுவந்த நம்மாளுங்களை லயத்தில் வைத்து செக்ரோலில் மட்டும் எழுதியது. வேலை போனால் வீடும் போகணும் என்பதுதான் கணக்கு. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அந்தக் கணக்கு தீர்க்கப்பட்டது. 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது அதற்கான பதில்களில் ஒன்று.

கலையால் என்ன முடியும் என்பதை யாழ்ப்பாணத்தின் தா. சனாதனன் செய்து காட்டினார். தோம்பு என்பது டச்சுக்காரர் கால நிலப் பதிவேடு. 2011இல் வந்த அவருடைய ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலுக்காக, இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். கூடவே அதே வீடு கட்டடக்கலைஞரின் பிளானாகவும் சனாதனனின் ஓவியமாகவும் வருகிறது. அதிகாரத்தின் தாளைக் கிழிக்காமல், பறிகொடுத்தவர் கையில் பென்சிலைக் கொடுத்த வேலை இது.

நினைவில் அளவு தப்பும் என்பார்கள். தப்பட்டுமே! அளவெடுக்க என்னைப் போல நிறைய பேர் இருக்கோம். ஆயாக்கொட்டகை எந்தப் பக்கம், பிரட்டுக்களம் எங்கே, முனியாண்டி எந்த மரத்தடியில் என்று சொல்லத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

நம்ம கலைஞர்கள் இன்னும் ரப்பர் மரத்தையும் பால் மங்கையும் ஏக்கத்தோடு வரைகிறார்கள். ஏக்கம் எந்த நில அலுவலகத்திலும் செல்லாது. பாட்டிகள் வரைந்த பிளானும் செல்லாதுதான், தெரியும். ஆனா அது கையில் இருக்கும்வரை, ‘இங்க யாருமே இருந்ததில்ல’ என்று எவனும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஜெலுபு தோட்டங்களில் வாழ்ந்தவர்களிடம் வெள்ளைத் தாளோடு போங்கள். லயத்தை வரையச் சொல்லுங்கள். தேதி போடுங்கள். கண்காட்சி வைத்தால், வரைந்தவர் பெயரை மேலே எழுதுங்கள்.