தோண்டத் தோண்டத் தண்ணீர்... 'தி மோர்' போட்டா இங்கிலீஷ்!

"ஹவ் மச் யூ ஸ்டடி, தட் மச் மார்க்ஸ் யூ வில் கெட்."

இந்த வாக்கியத்தை உங்க காலேஜ் காரிடாரில் ஒருதடவைகூடக் கேட்டதில்லைன்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். ஒரு கைகூட வராது. சொன்னவர் மனசில் ஓடியது சுத்தமான தமிழ்: 'எவ்வளவு படிக்கிறியோ, அவ்வளவு மார்க் வரும்.' அதில் ஒரு குறையும் இல்லை. அதை வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் எடுத்து வைத்ததுதான் வினை. க்ரூப் டிஸ்கஷனில் நல்ல பாயின்ட்டோடு வாயைத் திறக்கிற பலர், இந்த 'ஹவ் மச்... தட் மச்'சில் இடறி, பக்கத்து நாற்காலி சிரித்ததும் அப்படியே மௌனமாகிவிடுகிறார்கள். பாயின்ட் போச்சு, சான்ஸும் போச்சு. அதனால் இந்த வாரம் இதை ஒரு கை பார்த்துவிடுவோம்.

ஒன்று கூடினால் இன்னொன்றும் கூடும். கணக்கில் இதற்கு நேர் விகிதம்னு பேர். தமிழுக்கு இது தண்ணி பட்ட பாடு. தோண்டுகிற அளவுக்கு மணற்கேணியில் நீர் ஊறும், கற்கிற அளவுக்கு அறிவு ஊறும்னு 396-வது குறளில் வள்ளுவர் சொல்லிட்டுப் போயிட்டார். 595-வது குறளைப் பாருங்க. தண்ணீரின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு நீளம் பூவின் தண்டு, ஊக்கம் எவ்வளவோ அவ்வளவு உயர்வு மனிதருக்கு. ரெண்டுமே ஒன்றை வைத்து இன்னொன்றை அளக்கிற கணக்குதான். நாம் தினமும் பேசுறப்போ இன்னும் சுருக்கமா, ஒரே வினையை ரெண்டு தடவை சொல்லி முடிச்சிடுவோம்: படிக்கப் படிக்க, பேசப் பேச, கிட்டப் போகப் போக.

இங்கிலீஷில் இந்த வேலைக்கு இருக்கிற அச்சு இதுதான்: "தி மோர் யூ ரீட், தி மோர் யூ நோ." படிக்கப் படிக்க அறிவு வளரும். ரெண்டு பாதி, நடுவில் ஒரு கமா, ரெண்டு பாதிக்கும் முன்னால் 'தி'. அந்த 'தி' நாம் ஸ்கூலில் ஆர்ட்டிகிள்னு படிச்ச 'தி' இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'அந்த அளவால்' என்கிற மாதிரி அர்த்தம் தந்த ஒரு வேற்றுமை வடிவம் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆச்சு. நம்ம 'எவ்வளவு - அவ்வளவு' ஜோடிக்குச் சொந்தக்காரன்னே வெச்சுக்கலாம். அதனால் ஒரு 'தி'யை மட்டும் விட்டுட்டு, "தி மோர் யூ ப்ராக்டிஸ், யூ வில் பிகம் பெட்டர்"னு சொன்னா, ஒரு கால் செருப்போடு நடந்த மாதிரி இருக்கும். "தி மோர் யூ ப்ராக்டிஸ், தி பெட்டர் யூ வில் பிகம்." இப்போ சரி.

இதில் 'வில்' எங்கே வந்திருக்கு, கவனிச்சீங்களா? ரெண்டாவது பாதியில் மட்டும். "தி மோர் யூ வில் ப்ராக்டிஸ்"னு முதல் பாதியில் போட்டா தப்பு. 'இஃப்' வாக்கியத்தில் 'இஃப் யூ வில் கம்'னு சொல்லாத மாதிரியேதான்.

நம்ம ஆட்கள் அதிகமா வழுக்குகிற இடம் இன்னொண்ணு இருக்கு. 'மோர்' யாரோடு சேரணுமோ அவரைக் கூடவே கூட்டிட்டு வரணும். 'நிறைய புத்தகம் படிக்கப் படிக்க'ன்னா "தி மோர் புக்ஸ் யூ ரீட்." "தி மோர் யூ ரீட் புக்ஸ்"னா படிக்கிற வேலைதான் கூடுது, புத்தகத்தின் எண்ணிக்கை இல்லை. அதே மாதிரி "தி மோர் தி பேப்பர் இஸ் டிஃபிகல்ட்" வேண்டாம், "தி மோர் டிஃபிகல்ட் தி பேப்பர் இஸ்"தான் காதுக்கு இயல்பு. சின்ன வார்த்தையா இருந்தா 'மோர்' தேவையே இல்லை: பிக்கர், ஃபாஸ்டர், ஓல்டர். 'மோர் பெட்டர்' என்பது நடு சென்டர் மாதிரி, தயவுசெஞ்சு விட்டுடுங்க.

வினைச்சொல்லே இல்லாமலும் இதைச் சொல்லலாம். ஃப்ரெண்ட் ஒருத்தர் "என் ரூம்மேட்டையும் டூருக்குக் கூட்டிட்டு வரட்டுமா?"ன்னு கேட்டா, "தி மோர், தி மெரியர்!" ஆள் கூடக் கூட ஜாலிதான்னு அர்த்தம். ஜான் ஹேவுட் 1546-ல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இது இருக்கு. அங்கே இதற்குப் பதிலடியா ஒரு வால் உண்டு: "தி ஃப்யூவர், தி பெட்டர் ஃபேர்." 'ஃபேர்'னா இங்கே பஸ் கட்டணம் இல்லை, சாப்பாடு. ஆள் குறையக் குறைய இலையில் அதிகம் விழும்! ஒரு ப்ளேட் பஜ்ஜியைச் சுத்தி எட்டுப் பேர் நிற்கிற கேன்டீன் டேபிளில் இந்த வாலைத்தான் சொல்லணும்.

தமிழில் இரட்டிச்சு வர்ற எல்லாத்தையும் இந்த அச்சில் ஊத்திடவும் கூடாது. 'போகப் போகப் பழகிடும்' என்பதை "தி மோர் யூ கோ"ன்னு ஆரம்பிச்சா, கேட்கிறவர் எங்கே கிளம்பிட்டீங்கன்னு கேட்பார். "யூ வில் கெட் யூஸ்டு டு இட்." அவ்வளவுதான்.

இனி சயின்ஸ், இன்ஜினியரிங் மாணவர்களுக்குக் கொஞ்சம் தனியா. இந்த 'தி மோர்' அச்சு ரெண்டும் சேர்ந்து கூடும்னு மட்டும்தான் சொல்லும். எவ்வளவு கூடும்னு சொல்லாது. "இஸ் டைரக்ட்லி ப்ரபோர்ஷனல் டு"ன்னு சொன்னாலோ, ஒன்று டபுள் ஆனால் மற்றதும் சரியா டபுள் ஆகணும். ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி அந்த ரகம். வெப்பநிலை மாறாத கம்பியில் வோல்டேஜ் இரட்டிப்பானால் கரன்ட்டும் இரட்டிப்பு.

இப்போ தோசைக்கு வாங்க. "தி வைடர் தி தோசா, தி மோர் பேட்டர் இட் நீட்ஸ்." தோசை அகல அகல மாவு அதிகம் வேணும், இங்கிலீஷும் சரி, விஷயமும் சரி. ஆனா மாவு அகலத்துக்கு 'டைரக்ட்லி ப்ரபோர்ஷனல்'னு வைவாவில் சொன்னீங்கன்னா எக்ஸ்டர்னல் பிடிச்சுக்குவார். அதே கனத்தில் ரெண்டு மடங்கு அகல தோசைக்கு மாவு நாலு மடங்கு. பரப்பளவு, அகலத்தின் வர்க்கத்துக்குத்தான் நேர் விகிதம்.

தலைகீழ் விகிதத்திலும் ஒரு வேடிக்கை. 120 கிலோமீட்டர் போகணும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 3 மணி நேரம், 60-ல் 2 மணி நேரம். வேகம் கூடினால் நேரம் குறையும். ஆனா இங்கிலீஷில் 'லெஸ்' வந்தே ஆகணும்னு இல்லை: "தி ஃபாஸ்டர் யூ கோ, தி சூனர் யூ ரீச் ஹோம்." 'வயசு ஆக ஆக ஞாபகம் குறையுது' என்பதையும் "ஏஜ் இன்க்ரீஸ், மெமரி டிக்ரீஸ்"னு கிராஃப் வரைய வேண்டாம். "தி ஓல்டர் ஐ கெட், தி மோர் ஐ ஃபர்கெட்." 'லெஸ்' வேணும்கிற இடமும் இருக்கு: "தி மோர் ஐ எக்ஸ்ப்ளெய்ன், தி லெஸ் ஹி லிஸன்ஸ்." ஹாஸ்டலில் இதற்குப் பொருத்தமான ஆள் உடனே ஞாபகம் வருவாரே?

'ப்ரபோர்ஷன்' என்ற சொல்லை ஹோட்டல் பில்லிலும் பயன்படுத்தலாம். எல்லாரும் சமமாப் பிரிக்காம, அவங்கவங்க சாப்பிட்ட அளவுக்குக் கொடுத்தா, "வி பெய்ட் இன் ப்ரபோர்ஷன் டு வாட் வி ஏட்." 'டு'தான், 'வித்' இல்லை. காபிக்கு யார் காசு கொடுக்கிறதுங்கிற தகராறு ஹெச்.ஓ.டி. ரூம் வரைக்கும் போச்சுன்னா, "தே ப்ளூ இட் அவுட் ஆஃப் ப்ரபோர்ஷன்." கடுகை மலையாக்கிட்டாங்க.

இந்த வார ஹோம்வொர்க் மூணே மூணு. நோட்டில் எழுத வேண்டாம், பக்கத்தில் இருக்கிறவர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. 'சீக்கிரம் கிளம்பினா சீக்கிரம் வந்துடலாம்.' 'பயப்படப் பயப்பட நாக்கு குழறும்.' 'வெயில் ஏற ஏற க்யூ நீளமாகுது.' மூணாவதில் மட்டும் ஒரு தடவை 'தி மோர்' அச்சை விட்டுட்டு, 'ஆஸ்'னு ஆரம்பிச்சுச் சொல்லிப் பாருங்க.