ஒராங்குட்டானும் ஒரு லிட்டர் எண்ணெயும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டை நெருங்கியதும் பேருந்துப் பயணிகள் பேச்சை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பல ஆண்டுகள் கண்டவன் நான். அந்தச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில், ஒரு பள்ளியின் சுற்றுச்சூழல் கண்காட்சிக்கு அண்மையில் அழைத்திருந்தார்கள். அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்கள் என்பது தலைப்பு. சுவரெங்கும் புலியும் யானையும் திமிங்கலமும். அவற்றுக்கு நடுவே, செம்பட்டை மயிரும் சோகக் கண்களும் கொண்ட ஓர் ஒராங்குட்டானை எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அருமையாக வரைந்திருந்தாள். அடியில், “காட்டு மனிதனைக் காப்போம்” என்று எழுதியிருந்தாள். பொருத்தமான பெயர்தான். மலாய் மொழியில் ‘ஓராங்’ என்றால் மனிதர், ‘ஊத்தான்’ என்றால் காடு.

“இது ஏன்மா அழிகிறது?” என்று கேட்டேன்.

“காடுகளை அழிப்பதால், ஐயா.”

“யார் அழிக்கிறார்கள்?”

“மனிதர்கள்.”

“எந்த மனிதர்கள்? எதற்காக?”

சிறுமி ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை, “பாடத்தில் அவ்வளவுதான் இருக்கிறது, ஐயா” என்று சிரித்தார். பிறகு விருந்தினருக்கு மெதுவடையும் தேநீரும் தந்தார்கள். கை கழுவப் போனபோது சமையற்கூடத்து வாசலில் கிடந்த காலிப் பாமாயில் பாக்கெட்டுகளைக் கண்டேன். அந்தச் சிறுமி கேட்டறிய வேண்டிய விடை அங்கே கிடந்தது. அதை அவளுக்குக் காட்டுவார் யாருமில்லை. வடையைத் தின்றுவிட்டு நானும் பேசாமல் திரும்பிவிட்டேன். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுத வைக்கிறது.

வாசக அன்பர்களே, சிறுமிக்கு யாரும் சொல்லாததை இங்கேயாவது சொல்லிவிடுவோம். ஒராங்குட்டான்கள் இன்று உலகில் இரண்டே தீவுகளில் காட்டில் வாழ்கின்றன: போர்னியோ, சுமாத்திரா. அவற்றில் மூன்று இனங்கள் உண்டு. மூன்றாவதான தபனூலி ஒராங்குட்டானை அறிவியல் உலகம் தனியினமாக அடையாளம் கண்டதே 2017-இல்தான். கண்டபோதே எண்ணூறுக்கும் குறைவாகத்தான் எஞ்சியிருந்தன. போர்னியோவில் மட்டும் 1999-க்கும் 2015-க்கும் இடையே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவை மறைந்துபோயின என்று 2018-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தாய் ஒரு குட்டி ஈன்றால் அடுத்ததற்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் குட்டி தாயின் மேனியோடு ஒட்டியே வளர்ந்து, எந்தக் கனி எப்போது பழுக்கும், எப்படிக் கூடு கட்டுவது என்று கற்றுக்கொள்கிறது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிர், வேகமாக வரும் அழிவுக்கு ஈடுகொடுக்க முடியாது. வேட்டையும் மரவெட்டும் காட்டுத்தீயும் காரணங்கள்தாம். எனினும் காட்டை வெட்டித் தீயிட்டுச் செம்பனைத் தோட்டமாக்கிய தொழிலுக்கு அந்த அழிவில் பெரும்பங்கு உண்டு.

அந்தச் செம்பனையின் எண்ணெயை உலகிலேயே மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு எது தெரியுமா? நம் இந்தியாதான். தமிழகத்தில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் நியாயவிலைக் கடையில் மானிய விலைக்குக் கிடைத்துவரும் ஒரு லிட்டர் பாமாயிலும் அதுவே. பிஸ்கட்டில் இருப்பது அது. குளியல் சோப்பில் இருப்பதும் அது. போர்னியோவின் காடு நம் அடுப்பங்கரைவரை வந்திருக்கிறது. நம் பள்ளிப் பாடமோ ‘மனிதர்கள்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது.

உடனே ஒரு மறுப்பு எழும். “ஏழைகளின் எண்ணெயையும் பறிக்கப் பார்க்கிறீரா?” இல்லை. பாமாயிலைப் புறக்கணியுங்கள் என்று நான் சொல்லவும் இல்லை. ஒரு ஏக்கரில் செம்பனை தரும் எண்ணெய் நிலக்கடலை தருவதைப்போலப் பல மடங்கு. அதை விட்டு வேறொன்றுக்குத் தாவினால் இன்னும் அதிக நிலம் தேவைப்படும், வேறெங்கோ வேறொரு காடு விழும். கேட்க வேண்டிய கேள்வி, புதிதாகக் காட்டை வெட்டாத தோட்டத்திலிருந்து வந்த எண்ணெயா இது என்பது. அதைக் கேட்க வேண்டியவர்களில் முதலானவர், கோடிக்கணக்கான குடும்பங்களுக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்யும் அரசு. இன்னொரு கேள்வியும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் இந்நாடு சமையல் எண்ணெயில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டிருந்தது. 1994-இல் பாமாயில் இறக்குமதிக்குக் கதவு திறக்கப்பட்டது, பின்னர் வரியும் படிப்படியாகக் குறைந்தது. இன்று நம் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நம் மாவட்டத்து விருத்தாசலத்தின் பெயரையே தாங்கிய நிலக்கடலை இரகங்கள் உண்டு. அந்தக் கடலையைப் பயிரிட்ட உழவன் என்ன ஆனான் என்று எந்தச் சுற்றுச்சூழல் கண்காட்சி கேட்டது? காட்டு மனிதனும் கடலை விவசாயியும் ஒரே கணக்கில் வருகிறார்கள் என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளும். புரிந்துகொள்ளாது என்று நினைப்பவர்கள் பிள்ளைகளோடு பேசிப் பழகாதவர்கள்.

உச்ச நீதிமன்றம் 1991-இல் சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லாப் படிநிலைகளிலும் கட்டாயமாகக் கற்பிக்க வழிகாட்டியது. 2003-இல் மீண்டும் வலியுறுத்தியது. நாம் செய்தது என்ன? கட்டாயப் பாடத்தைக் கட்டாயப் படமாக்கிவிட்டோம். பிள்ளைகள் வரைகிறார்கள், முழக்கம் எழுதுகிறார்கள், மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் முறை என்று மறுவாரம் கேட்டுப் பாருங்கள்.

கல்வியால் ஓர் உயிரினத்தைக் காக்க முடியுமா என்ற ஐயம் உடையோர்க்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அமைதிப் பள்ளத்தாக்கு சான்றாக நிற்கிறது. குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுப்பதென்று கேரள அரசு முனைந்தபோது, அந்தச் சோலைக்காட்டின் சிங்கவால் குரங்கு அழியும் என்று எச்சரித்தவர்களில் முன்னின்றது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். அதில் பெரும்பாலோர் அமைச்சரோ அதிகாரியோ அல்லர்; பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். “குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா?” என்ற ஏளனத்துக்கு அவர்கள் குரங்குப் படம் வரைந்து விடை சொல்லவில்லை. மின்சாரம் எவ்வளவு கிடைக்கும், யாருக்குக் கிடைக்கும், வேறு வழி என்ன என்று கணக்குப் போட்டு ஊர் ஊராகச் சென்று விளக்கினார்கள். சுகதகுமாரி போன்ற கவிஞர்கள் பாடினார்கள். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சிங்கவால் குரங்கு இன்றும் அங்கே தாவிக்கொண்டிருக்கிறது.

கேரளம்வரை போவானேன்? இந்தச் சிப்காட்டிலேயே அத்தகைய கல்வி ஒருமுறை நடந்தது. அதை நம் பள்ளிகள் அறியாதது எனக்குப் பெரும் வியப்பு. 2004-இல் குடிகாடு முதலிய சிற்றூர்களின் சாதாரண மக்கள் சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். நாற்றத்தை நாற்றம் என்று மட்டும் சொல்லாமல், அழுகிய முட்டையின் வாடையா, அழுகிய முட்டைக்கோசின் வாடையா, நகப்பூச்சின் வாடையா என்று பிரித்தறியக் கற்றார்கள். நாள், நேரம், காற்றின் திசை, உடலில் தோன்றிய எரிச்சல் எல்லாவற்றையும் குறித்து வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்திய எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் விளைக்கும் வேதிப்பொருள்கள் அதில் இருந்தன என்று அதே ஆண்டில் அறிக்கை வெளியிட்டார்கள். அதிகாரிகளுக்கு எழுதும் மனுவில் அதுவரை ‘தாங்க முடியவில்லை’ என்று மட்டும் எழுதத் தெரிந்தவர்கள், தேதியோடும் மணியோடும் எழுதத் தொடங்கினார்கள். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மிகக் கடுமையாக மாசுபட்டவை என அடையாளம் கண்ட 43 தொழிற்பகுதிகளில் கடலூரும் ஒன்று. அவ்வூர்த் தாய்மாருக்கு அது செய்தியே அல்ல.

காரணத்தை அறிந்து, பெயர் சொல்லி, எழுத்தில் வைத்து, பொறுப்பானவரிடம் விடை கேட்பது: இதையே நான் சுற்றுச்சூழல் கல்வி என்கிறேன். பரிஷத்தின் ஆசிரியர்கள் செய்ததும் குடிகாட்டுப் பெண்கள் செய்ததும் ஒன்றே. ஒராங்குட்டானைக் காக்க விரும்பும் சிறுமிக்குக் கற்றுத்தர வேண்டியதும் அதுவே. தன் வீட்டுப் பின்புறம் ஓடும் உப்பனாற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கப் பழக்காத பள்ளி, சுமாத்திராக் காட்டுக்கு என்ன ஆயிற்று என்று அவளைக் கேட்க வைக்கும் என்று நான் நம்பவில்லை. பிள்ளைகளைப் பயமுறுத்தலாகாது என்கிறார்கள். அந்தக் காற்றைச் சுவாசிக்கும் பிள்ளைக்கு நாம் புதிதாக எந்தப் பயத்தைக் காட்டப் போகிறோம்?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடல் தன் இறுதி அதிகாரத்தைச் சூழலியல் கல்விக்கே ஒதுக்கியது. அதற்கும் நம் பங்குகளில் ஓவியப் போட்டி நடத்திப் பரிசு வழங்கினோம்.

வெட்கம் தணியாததால் சென்ற மாதம் அப்பள்ளிக்கு மீண்டும் போனேன். தலைமையாசிரியையான அருட்சகோதரி பொறுமையாகக் கேட்டார். வரும் கண்காட்சியில் ஒராங்குட்டான் படத்துக்கு அருகே ஒரு காலிப் பாமாயில் பாக்கெட்டைத் தொங்கவிடுங்கள். குடிகாட்டிலிருந்து அந்தப் பழைய கண்காணிப்பாளர்களில் ஒருவரை அழைத்து, வாளியில் காற்றைப் பிடித்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வையுங்கள் என்றேன். அவர் சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாக்கெட்டை வைத்துவிடலாம், ஐயா. மற்றது... ஆண்டு விழாவுக்கு ஓர் ஆலையிலிருந்து நன்கொடை வருகிறது. தாளாளரிடம் கேட்க வேண்டும்” என்றார்.

நேர்மையான பதில். கேட்டுச் சொல்வதாகவும் கூறினார். கண்காட்சி சனவரியில். பாக்கெட்டைத் தொங்கவிட ஆணி அடித்தாயிற்று. அதன் பக்கத்தில், பேச வருபவருக்கு ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.