கண்ணாடியின் மறுபக்கம் நிற்பவர்: ‘வாங்குவோர் வழிகாட்டி’களுக்குக் காரோட்டிலிருந்து ஒரு மறுப்பு

செயற்கை நுண்ணறிவு பொருத்திய மூக்குக்கண்ணாடிகளை அறிமுகப்படுத்தும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒரே மனிதரை நோக்கி எழுதப்படுகின்றன. அவர் வாங்குபவர். எடை எவ்வளவு, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், கேமரா எத்தனை மெகாபிக்சல், பவர் லென்ஸ் பொருத்த இயலுமா என்பவை அவருக்காகக் கேட்கப்படும் கேள்விகள். இவை வேண்டிய கேள்விகளே. ஆனால் இக்கண்ணாடி ஒருவர் அணிந்து மற்றொருவரைப் பதிவு செய்யும் கருவி. பதிவு செய்யப்படுபவருக்கு அவ்வழிகாட்டிகளில் இடமில்லை. இந்த விடுபடலைக் கவனக்குறைவு என்று மன்னித்துவிட முடியாது. அவரைக் கணக்கில் சேர்த்தால் பொருளின் உண்மையான விலை வேறாகிவிடும். ஆகவேதான் அவர் விடுபடுகிறார்.

இதைச் சோதித்துப் பார்க்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியதில்லை. கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கு அருகே, கழக்கூட்டத்திலிருந்து வரும் 43 கிலோமீட்டர் புறவழிச்சாலை முடியுமிடத்தில் காரோடு இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. காரோடும் அதனுடன் நின்றது. இங்கே தமிழில் தொடங்கும் வாக்கியம் மலையாளத்தில் முடியும். களியக்காவிளைப் பேருந்து நிலையத்தில் ஒரு பேருந்தின் பலகை தமிழிலும் அடுத்ததன் பலகை மலையாளத்திலும் இருக்கும். எந்த மொழியும் அறியும் கருவி என்று விளம்பரப்படுத்தப்படும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வுக்கூடம் கிடைக்காது.

சந்தையில் இன்று மூன்று வகைகள் உள்ளன. ஒலி மட்டும் தருபவை முதல் வகை. லென்ஸ்கார்ட் 2024 இறுதியில் வெளியிட்ட ‘ஃபோனிக்’ அத்தகையது. கேமராவும் உரையாடும் நிரலும் கொண்டவை இரண்டாம் வகை. கண்ணாடிச் சில்லிலேயே எழுத்தும் படமும் காட்டுபவை மூன்றாம் வகை. மெட்டா நிறுவனம் 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் 799 டாலருக்கு விற்கத் தொடங்கியது அவ்வகை. பரவலாகப் பேசப்படுவது இரண்டாம் வகையான ரே-பான் மெட்டா. 2023 அக்டோபரில் வெளிவந்த இது, 2025 மே மாதம் 29,900 ரூபாய் தொடக்க விலையில் இந்தியாவுக்கு வந்தது. 12 மெகாபிக்சல் கேமரா, ஐந்து ஒலிவாங்கிகள், ஏறத்தாழ 50 கிராம் எடை, முதல் தலைமுறையில் நான்கு மணி நேர மின்னாற்றல். தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும். இடவப்பாதி மழையில் நனைந்துகொண்டு நடப்பதற்கு ஆகாது. கைபேசியும் இணையமும் இல்லாத இடத்தில் அதன் நுண்ணறிவு உறங்கிவிடும். மின்கலத்தைப் பயனர் மாற்றிக்கொள்ள வழியில்லை. மின்கலம் தேய்ந்த நாளில் கையில் மிஞ்சுவது விலையுயர்ந்த குளிர்கண்ணாடி.

29,900 ரூபாய் என்பது எவ்வளவு? 2025–26இல் கேரளத்தின் ஊரக வேலை உறுதித் திட்டக் கூலி நாளொன்றுக்கு 369 ரூபாய். 81 நாள் கூலியைச் செலவின்றிச் சேர்த்து வைத்தாலும் 11 ரூபாய் குறையும்.

அந்த விலைக்குக் காரோட்டில் என்ன கிடைக்கும்? இந்தியாவுக்கு வந்தபோது இக்கண்ணாடியோடு ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் இந்தி சேர்ந்தது. உடனடி மொழிபெயர்ப்பு என்று கொண்டாடப்பட்ட வசதி அறிமுகக் காலத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய நான்கு மொழிகளுக்கிடையே இயங்கியது. காரோட்டிலிருந்து களியக்காவிளைக்குப் போய் வருபவருக்கு இத்தாலியம் எதற்கு என்று வழிகாட்டி எழுதியோர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாளையே தமிழும் மலையாளமும் சேர்க்கப்பட்டாலும் சிக்கல் தீராது. ‘கொஞ்சம் வெள்ளம் எடு’ என்று இவ்வூர் மூதாட்டி சொன்னால், அவர் கேட்பது குடிநீர். எழுத்துத் தமிழில் பயிற்றப்பட்ட நிரலுக்கு அது பெருக்கெடுத்து வரும் நீர். எல்லைப்புறப் பேச்சை எந்த மொழியின் கணக்கில் சேர்ப்பது என்பதில் அறிஞர்களுக்கே தயக்கமுண்டு. பயிற்சித் தரவுக்கு அந்தத் தயக்கமும் கிடையாது, இருமொழிகளின் ஓரத்தையும் கத்தரித்துவிட்டு நடுவை எடுத்துக்கொள்ளும். ஆகவே இன்றைய நிலையில் காரோட்டு மனிதருக்கு இது பெரும்பாலும் முகத்தில் மாட்டிய கேமரா. பெட்டியின் மேல் அச்சிட்ட நுண்ணறிவு அவருடைய நாவோடு பேசுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு தரப்பைத் தனியே பிரித்துப் பேசுவது நேர்மை. பார்வையற்றோருக்கு இக்கருவி பொழுதுபோக்கன்று. பார்வையுள்ள தன்னார்வலர்களின் கண்களைக் கைபேசிவழி இரவல் தரும் ‘பீ மை ஐஸ்’ சேவை 2024இல் மெட்டா கண்ணாடியோடு இணைக்கப்பட்டது. பெங்களூரின் எஸ்.எச்.ஜி. டெக்னாலஜீஸ் பார்வைக் குறைபாடுடையோருக்கென்றே ‘ஸ்மார்ட் விஷன் கிளாசஸ்’ என்னும் கண்ணாடியை உருவாக்கியிருக்கிறது. அச்செழுத்தைப் படித்துச் சொல்லும், முன்னிருப்பதை விவரிக்கும், நடையில் குறுக்கிடும் தடையை உணர்த்தும். களியக்காவிளையில் எந்தப் பேருந்து எங்கே போகிறது என்று பிறரைக் கேட்டுக்கேட்டு நிற்கும் ஒருவருக்கு இது எத்தகைய விடுதலை என்பதைப் பார்வையுள்ளோர் எடைபோட முடியாது. ஆனால் விற்பனையாளர்கள் செய்வது வேறு. பார்வையற்றோரின் தேவையை விளம்பரத்தின் முகப்பில் நிறுத்திவிட்டு, விடுமுறைக் காணொளி எடுக்க விரும்புவோருக்குப் பொருளை விற்கிறார்கள். உதவிக்கருவி என்றால் அது மானியத்தில், மாவட்ட மறுவாழ்வு மையம் வழியாக, பயன்படுத்துவோரின் மொழியில் வர வேண்டும். குளிர்கண்ணாடிக் கடையில் வருவது வேறு பொருள்.

இனி மறுபக்கம் நிற்பவருக்கு வரலாம். 2025 ஜூலை 6 அன்று, காரோடு இருக்கும் அதே மாவட்டத்தின் தலைநகரில், பத்மநாபசுவாமி கோயிலுக்குள் கேமரா பொருத்திய கண்ணாடியுடன் நுழைந்த குஜராத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் பிடிபட்டார். கண்ணாடியில் ஒளி மின்னியதைப் பாதுகாவலர்கள் கவனித்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் அயோத்தி இராமர் கோயிலிலும் இப்படி ஒருவர் பிடிபட்டிருந்தார். திருவனந்தபுரத்தில் வழக்குப் பதிவானது எந்தப் பிரிவில் என்பதுதான் கவனத்துக்குரியது: பாரதிய நியாய சன்ஹிதா 223, அதாவது அரசு ஊழியரின் ஆணையை மீறுதல். தடையாணை இருந்ததால் அது மீறப்பட்டது, மீறப்பட்டதால் வழக்கு. அன்று வரிசையில் நின்ற பக்தர்களின் முகங்கள் பதிவாகியிருந்தால், அது அவ்வழக்கின் பொருளன்று.

கோயிலுக்குத் தடையாணை உண்டு, வாயிற்காவல் உண்டு, சோதனைக் கருவி உண்டு. பொழியூர்க் கரையில் மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு என்ன உண்டு? அவர்முன் நின்று ஒருவர் விலை கேட்கிறார். சட்டகத்தின் ஓரத்தில் கடுகளவு வெண்விளக்கு எரிகிறது. நிறுவனத்தின் கணக்குப்படி அவருக்கு அறிவிப்புக் கொடுத்தாயிற்று. அவ்விளக்கின் பொருளை அவருக்கு எந்த மொழியிலும் எவரும் சொன்னதில்லை. கடற்கரை வெயிலில் அது தெரியுமா என்பது வேறு கேள்வி. விளக்கை மறைத்தால் கேமரா இயங்காது என்று நிறுவனம் உறுதி கூறுகிறது. காசு வாங்கிக்கொண்டு அவ்விளக்கையே செயலிழக்கச் செய்து தருபவர் இருப்பதை 2025இல் அமெரிக்க இதழாளர்கள் வெளிப்படுத்தினார்கள்.

கைபேசியிலும் கேமரா இருக்கிறதே என்பது இவ்விவாதத்தில் தவறாமல் வரும் பதில். கைபேசியை உயர்த்துவது ஒரு செய்கை. அதைப் பார்த்த பெண் முகத்தைத் திருப்பலாம், முந்தானையை இழுத்துக்கொள்ளலாம், ‘எதுக்குப் படம் எடுக்குத?’ என்று சண்டைக்கும் போகலாம். கண்ணாடி அந்தச் செய்கையைப் பறித்துவிடுகிறது. மறுப்பதற்கான கணமும் அதோடு போய்விடுகிறது. பொது இடத்தில் தனியுரிமை ஏது என்பது அடுத்த பதில். பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் தனியுரிமையை இழந்துவிடுவதில்லை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கின் முதன்மைத் தீர்ப்புரை தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. விற்பனை அரங்கில் எவரும் அதைப் படிப்பதில்லை.

தீர்ப்புக்குப் பின்வந்த சட்டமோ இவ்விடத்தில் ஓட்டை விட்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டு நோக்கத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது என்று மூன்றாம் பிரிவிலேயே விலக்களிக்கிறது. மீன்காரப் பெண்ணின் முகம் சுற்றுலாப் பயணியின் ‘சொந்த நோக்க’த்துக்குள் அடங்கிவிடும் ஆபத்து வெளிப்படை. நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, பெண் ஒருவர் தாம் பார்க்கப்படமாட்டோம் என்று நம்பக்கூடிய அந்தரங்கச் சூழலைப் பாதுகாக்கிறது. தெருவும் சந்தையும் அதனுள் வாரா.

சொந்த நோக்கம் என்பதும் பாவனைதான். 2025 ஏப்ரல் இறுதியில் மெட்டா தன் விதிகளை மாற்றியது: குரல் கட்டளைப் பதிவுகள் இயல்பாகவே நிறுவனத்தின் மேகக்கணினியில் சேமிக்கப்படும், ஓராண்டு வரை இருக்கலாம், சேமிப்பை முன்கூட்டியே மறுக்கும் வாய்ப்பு நீக்கப்பட்டது. உரையாடல்களை மனிதர்களும் பரிசீலிக்கக்கூடும் என்பது அதன் விதிமுறைகளிலேயே இருக்கிறது. அந்த மனிதர்கள் யார் என்பதை 2026 தொடக்கத்தில் சுவீடனின் இரு நாளிதழ்கள் எழுதின. நைரோபியில் ஒப்பந்த நிறுவனமொன்றில் தரவுக்குக் குறியீடு இடும் தொழிலாளர்கள், கண்ணாடி அணிந்தவர்களின் படுக்கையறைக் காட்சிகள்வரை தம் திரையில் வருவதாகச் சொன்னார்கள். வாங்கியவரின் அந்தரங்கமே இந்நிலையில் இருக்கையில், வாங்காதவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்துப் பெயரும் முகவரியும் எடுக்க இயலும் என்பதையும் 2024இல் ஹார்வர்டு மாணவர் இருவர் இதே கண்ணாடியையும் பொதுவில் கிடைக்கும் முகத்தேடல் சேவையையும் இணைத்துச் செய்து காட்டினார்கள். எச்சரிக்கைக்காகச் செய்தார்கள், நிரலை வெளியிடவில்லை. அடுத்தவர் அப்படி இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

தென் திருவிதாங்கூருக்கு இது புதிய கேள்வியன்று. எவர் எவரைப் பார்க்கலாம், எவர் தம் உடலைப் பார்வையிலிருந்து மறைத்துக்கொள்ளலாம் என்பது இம்மண்ணில் அரசாணைகளால் தீர்மானிக்கப்பட்டிருந்தது. தோள்சீலைக்காகச் சாணார்ப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி, அடிபட்டு, 1859 ஜூலை 26 ஆணையைப் பெற்றார்கள். அதுவும் மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடு. கேமராக் கண்ணாடியைத் தோள்சீலைத் தடையோடு சமன்படுத்துவது மிகை. ஆனால் பார்வை என்பது அதிகாரம் படிந்த செயல் என்பதை இவ்வூர்களுக்கு வேறெங்கிருந்தும் கற்பிக்க வேண்டியதில்லை. எண்பது நாள் கூலியைக் கண்ணில் மாட்டக்கூடியவர் பார்ப்பார், முடியாதவர் பார்க்கப்படுவார் என்ற ஏற்பாட்டைத் தொழில்நுட்பத்தின் இயல்பான வளர்ச்சி என்று ஏற்றுக்கொள்வதற்கு முன் அந்த வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

கல்விப்புலத்தார் இதில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். 2023 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் பணித்தேர்வு, உடலில் மறைத்த கைபேசிக் கேமராவாலும் காதில் செருகிய புளூடூத் கருவியாலும் மோசடிக்குள்ளாகி இரத்தானது. அன்று மறைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தவை இரண்டும் இன்று ஒரே சட்டகத்தில், பவர் லென்ஸோடு கிடைக்கின்றன. தேர்வுக்கூட வாயிலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்ல எவரால் இயலும்? இதைக் குறித்துத் தேர்வுத்துறைகள் கவலைப்படும், சுற்றறிக்கையும் வரும். தளப்பணி பற்றி அத்தகைய கவலை எழுமா என்பது ஐயம். எல்லையோர வழக்காறு சேகரிக்கக் காரோட்டுக்கு வரும் ஆய்வாளர் இதுவரை ஒலிப்பதிவுக் கருவியைத் திண்ணையில் வைத்து, ‘போடட்டுமா?’ என்று கேட்டாக வேண்டியிருந்தது. கருவியைக் கண்டதும் சிலர் பேச்சை மாற்றுவர், சிலர் எழுந்து போவர். தரவு குறைந்தாலும் அந்தக் குறைவில் பேசுபவரின் உரிமை இருந்தது. கைகள் காலியாக, கண்ணோடு கண் நோக்கி, இயல்பான பேச்சை அள்ளித் தரும் கருவி என்று இக்கண்ணாடி ஆய்வுத்துறைகளில் பரிந்துரைக்கப்படும் நாள் தொலைவில் இல்லை. அப்படி அள்ளப்படுவது ஆய்வாளரின் கோப்பில் மட்டும் தங்காது என்பது மேலே சொன்ன விதிகளிலிருந்தே விளங்கும்.

மேற்படி தரவுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, ஒப்புதல் அறிவிக்கையை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளில் ஏதேனும் ஒன்றிலோ பெறும் வாய்ப்பைக் கொடுக்கச் சொல்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இக்கடமை பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரை காத்திராமல், கொள்முதல் கோப்பில் கையெழுத்திடும் துறைத்தலைவர்கள் இன்றே விற்பனையாளரிடம் மூன்றைக் கேட்கலாம்: இக்கருவி தமிழிலும் மலையாளத்திலும் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதன் எழுத்துவடிவம், பதிவான ஒலியும் படமும் எந்த நாட்டில் எவர் கையில் எத்தனை நாள் இருக்கும் என்பதன் எழுத்துவடிவம், எதிரில் நின்றவர் பின்னாளில் தம் பதிவை அழிக்கக் கோரினால் அதை எவரிடம், எந்த மொழியில் கேட்க வேண்டும் என்பதற்கான பதில். மூன்றாவதற்குப் பதில் வரும்வரை கோப்பு மேசையிலேயே இருக்கட்டும்.