தொடையெலும்பு முறிவும் நம் சங்கங்களும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்பொழுது, பதிவேட்டில் உற்பத்தி நின்றுபோன அங்கத்தினர் பெயரைக் குறித்துக் காரணம் கேட்பது நம் கடமை. "விழுந்தார், கால் போயிற்று" என்ற விடை பலமுறை கிடைக்கின்றது. (நம் படிவங்களில் இதற்கென ஒரு கட்டமும் இல்லை.) விசாரித்தால், போனது கால் அன்று, தொடையெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடந்து, கூடாமலோ கோணலாய்க் கூடியோ நின்றுவிட்டது என்பது புலனாகும். குழித்தறியின் மிதிபலகையை அழுத்தவோ, வரப்பில் நடக்கவோ அக்காலால் இயலாது.

இடுப்பு மூட்டையொட்டிய கழுத்துப் பகுதியே மிகவும் அபாயமானது. எலும்பின் தலைக்கு உயிரூட்டும் இரத்தக் குழாய்களுட் பெரும்பாலானவை அக்கழுத்தைத் தழுவியே செல்கின்றன. முறிவு விலகினால் அவை அறுந்து, தலைப்பகுதி பட்டுப்போகக்கூடும். வெளியே எத்துணை இறுகக் கட்டினாலும் அவ்விடம் அசையாதிராது. புத்தூர்க் கட்டின்மேல் நம்மவர் வைத்துள்ள நம்பிக்கையை நாம் இகழ முன்வரவில்லை; விலகாத சிறு முறிவுகள் கட்டிலேயே கூடுவதுண்டு. தொடையின் கதை வேறு.

மூன்று வாரம் கடந்த கழுத்து முறிவைக் கவனியாது விடப்பட்டதென மருத்துவர் பொதுவாக வகைப்படுத்துவர். அப்பொழுதும் வழி அடைபட்டுவிடுவதில்லை. வயது குறைந்தவர்க்குத் தலைப்பகுதி உயிருடனிருப்பின், கீழ்க்காலின் மெல்லிய எலும்பில் ஒரு துண்டெடுத்து முறிவினூடே செலுத்தித் திருகாணியால் இறுக்குவர். அல்லது, ஜெர்மானியரான பாவெல்ஸ் 1935இல் விளக்கிய நெறிப்படி, கழுத்துக்குக் கீழே எலும்பை ஆப்பு வடிவில் வெட்டிக் கோணத்தை மாற்றுவர். பிளக்கும் விசை அமுக்கும் விசையாகி முறிவு கூடும். முதியோர்க்குச் செயற்கை மூட்டே பெரும்பாலும் தக்கது. நடுத்தண்டு முறிந்திருந்தால், சதை இழுத்துக் குறுகிய காலை நீட்டி, குன்ட்ஷர் 1939இல் தொடங்கிய உட்கம்பி முறையால் நிலைநிறுத்தி, இடுப்பெலும்புத் துகளை இட்டுக் கூட்டுவர். எனினும் நாள் கடந்த ரண சிகிச்சை கடினமானது. முழுப் பலனும் உறுதியன்று.

இவ்வளவு வசதியிருந்தும் ஏன் தாமதம்? அறியாமை என்று பழித்துவிட்டுப் போவது எளிது. நாம் அதை ஏற்பதற்கில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆயின் வண்டிச் செலவுக்கும், துணையிருப்பவரின் இழந்த கூலிக்கும், தறியில் பாதி நிற்கும் பாவுக்கும் அத்திட்டம் பொறுப்பேற்பதில்லை. அந்தப் பாவை முடித்துவிட்டுப் போகலாமென்று வீட்டார் காத்திருக்கையில்தான் மூன்று வாரம் கழிகின்றது.

இவ்விடத்தில் சங்கம் கைகொடுத்தாக வேண்டுமென்பது நம் கருத்து. இலாபமுள்ள சங்கங்கள், துணைவிதிகளுக்குட்பட்டு, பொது நல நிதியிலிருந்து உடனடி முன்பணம் அளிக்கலாம். "நிதியே இல்லையே" என்னும் நிர்வாகிகளுக்கும் ஒரு வழியுண்டு: நின்ற பாவைப் பக்கத்துத் தறிக்காரர் நெய்து முடித்து, கூலியில் ஒரு பகுதியை விழுந்தவர் வீட்டுக்குச் சேர்ப்பிக்கலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக வைப்பதற்குத் தடையொன்றும் இல்லை.