காரை இறக்கலாமா? இடுப்பு தப்பிக்க ஒரு கணக்கு!

டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நான்கு விரல் நுழைகிற இடைவெளி. கார் பிரியர்களின் கண்ணை உறுத்துவது அதுதான். 'கொஞ்சம் இறக்கினால் வண்டி கெத்தாக இருக்கும்' என்று ஸ்பிரிங் மாற்றக் கிளம்பும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஆனால், பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே ஒரு கார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், முட்டி வலிக்கும் பாட்டியை டாக்டரிடம் அழைத்துப் போவதும், டிக்கி நிறைய சாமானோடு குலதெய்வக் கோயிலுக்குப் போவதும் அதே கார்தான். கெத்து மகனுக்கு, குத்து பாட்டிக்கு என்று ஆகிவிடக் கூடாது. அதற்கு ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் போதும்.

சக்கரத்துக்கு இடம் வேண்டும்

சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது. சக்கரம் மட்டும் மேலே போகிறது, பாடி அதிகம் அசைவதில்லை. அப்படி மேலே போகிற வழியின் முடிவில் 'பம்ப் ஸ்டாப்' என்கிற ரப்பர் அல்லது ஃபோம் துண்டு இருக்கும். அதுவும் முழுசாக அமுங்கிவிட்டால், அடி நேராக பாடிக்குப் போகும். 'தட்' என்று இடுப்பில் இறங்கும் குத்து அதுதான்.

ஒரு காரில் பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு 80 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 40 மி.மீ. இறக்கியதுமே பாதி இடம் காலி. ஐந்து பேர் ஏறி, டிக்கியும் நிறைந்தால் மீதியிலும் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் இருக்கும் கொஞ்ச இடத்துக்குள் அதே பள்ளத்தைச் சமாளிக்க, ஸ்பிரிங் கடினமாக இருந்தே ஆக வேண்டும். அதிகம் இறக்கினால் அதிகம் குத்தும் என்பதில் மந்திரம் எதுவும் இல்லை. அதனால்தான் தினமும் ஓடுகிற காருக்கு 20 முதல் 25 மி.மீ. வரை இறக்குவதே பத்திரமான எல்லை.

சொந்த காரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஷாக் அப்சார்பரின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, கீழே சிலிண்டரோடு ஒட்டித் தள்ளிவிட வேண்டும். முழுக் குடும்பத்தோடும் வழக்கமான ரோட்டில் ஒரு நாள் ஓட்டிய பிறகு, டை எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லலாம். இப்போதே அது பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருந்தால், அந்த காரில் இறக்குவதற்கு இடமே இல்லை.

வெட்டினால் என்ன ஆகும்?

செலவில்லாத வழி என்று சிலர் இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள். வேலை செய்யும் ஆறு சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 20 சதவிகிதம் கடினமாகிவிடும். பழைய ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி செய்தது. புது வேகத்தில் துள்ளும் ஸ்பிரிங்கை அதனால் அடக்க முடியாது. ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் கார் துள்ளிக்கொண்டே இருக்கும். ஜாக் வைத்துத் தூக்கும்போது, குட்டையான ஸ்பிரிங் இருக்கையிலிருந்து நழுவவும் வாய்ப்பு உண்டு. கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம். ஸ்பிரிங் எஃகின் பதமே கெட்டு, ஒருநாள் உடையலாம்.

சரியாகச் செய்தால்...

அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங், அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பர், பம்ப் ஸ்டாப் மூன்றையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும்.

லோயர் ஆர்ம் புஷ்களின் போல்ட்டை, கார் தரையில் நின்று தன் எடையைத் தாங்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். ஓட்டமும் இறுகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இறக்கும்போது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்கிறது, டோ அளவும் மாறுகிறது. அப்படியே விட்டால் டயரின் உள்பக்கம் தேய்ந்துகொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஹெட்லைட் வெளிச்சம் விழும் இடத்தையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.

டயரும் ஒரு ஸ்பிரிங்தான். 185/65 ஆர் 15 டயரின் பக்கச்சுவர் சுமார் 120 மி.மீ. 195/55 ஆர் 16 போட்டால் அது 107 ஆகக் குறையும். இறக்கிய காருக்குப் பெரிய வீலும் சேர்ந்தால் குத்து இரட்டிப்பாகத் தெரியும். இரண்டில் ஒன்று போதும்.

வேகத்தடைக் கணக்கு

இந்தியச் சாலைக் கழக விதிப்படி வளைவான வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். ஸ்விஃப்ட் காரின் வீல்பேஸ் 2.45 மீட்டர்தான். அதாவது, விதிப்படி கட்டிய தடையின் நடுவில் கார் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும். அடிப்பாகத்துக்கு 5 செ.மீ. இடைவெளிகூடத் தேவைப்படாது.

தெருக்களில் இருப்பதோ குறுகலான மேடு. முன் சக்கரம் அந்தப் பக்கம் இறங்கிய பிறகும் பின் சக்கரம் இந்தப் பக்கம் தரையில் இருக்கும். மேட்டின் முழு உயரமும் காரின் வயிற்றுக்கு நேரே வந்துவிடும். ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. அதில் 50 மி.மீ. இறக்கினால் மீதி 113. ஐந்து பேர் ஏறினால் 10 செ.மீ. மேடும் உரசும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜெர்மனியில் தரச்சான்று பெற்ற ஸ்பிரிங்கைப் பொருத்தி, பரிசோதனை முடித்து, பதிவு ஆவணத்தில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. இந்தியாவில் நிலைமை வேறு. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது 182ஏ பிரிவு. வாரன்ட்டியும் இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகலாம். எனவே, ஸ்பிரிங் கடைக்குப் போகும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வதே நல்லது.

பலர் காரை இறக்க நினைப்பது அழகுக்காக மட்டுமல்ல. வளைவில் கார் சாய்கிறது, வேகத்தில் மிதக்கிறது என்பதும் ஒரு காரணம். 70, 80 ஆயிரம் கி.மீ. ஓடிய காரில் அதற்குக் காரணம் பெரும்பாலும் உயரம் இல்லை, களைத்துப்போன ஷாக் அப்சார்பரும் தேய்ந்த புஷ்ஷும்தான். கம்பெனி அளவிலேயே அவற்றைப் புதிதாக மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். அதற்குச் சட்டச் சிக்கல் எதுவும் கிடையாது. பின் சீட்டில் இருக்கும் பாட்டிக்கும் அந்த வித்தியாசம் முதல் வேகத்தடையிலேயே தெரிந்துவிடும்.